மண்முழுங்கி பிடித்த முகம்

திலீபன் எடுத்த பேய்ப்படத்தில் வேல்விழிக்குக் கிடைத்தது சாகிற வேஷம். பீங்கான் பட்டறையின் கழிவுக் குட்டையில் ஊறி உருமாறிய ஒரு ஜந்து, வேலைக்கு வருகிற பெண்களை ஒவ்வொருத்தியாகப் பிடித்து, ஈரக் களிமண்ணில் பொதிந்து, சூளைத் தட்டில் அடுக்கிவைக்கும். அதுதான் கதை. படத்தின் பெயர் ‘மண்முழுங்கி’. செட்டுப் போட வசதியில்லாததால் விருத்தாசலத்தில் கொளஞ்சிநாதனின் பொம்மைப் பட்டறையிலேயே படப்பிடிப்பு. அங்கே மோல்டில் களிமண் கூழ் ஊற்றுகிற பெண்களே செத்துப்போகிற பெண்களும்.

மற்றவர்கள் சிரிப்புக்காக நடித்தார்கள். வேல்விழிக்கு மட்டும், ஒரு தடவையாவது தன் முகம் திரையில் பெரிதாக வந்துவிட வேண்டும் என்றிருந்தது. வெளியே சொல்லவில்லை. சொன்னால் கூட வேலை பார்க்கிற தங்கம்மாள் ஒருத்தி போதும், ஓட்டியே கொன்றுவிடுவாள்.

சாவுக் காட்சிக்காக அவள் முகத்தை அச்செடுத்தார்கள். முகமெல்லாம் தேங்காய் எண்ணெய், மூக்கில் இரண்டு ஸ்ட்ரா, பிளந்த வாய்க்குள் களிமண் உருண்டை. மேலே பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றினார்கள். அது இறுகும்போது சுடும் என்று அவளுக்குத் தெரியும்; தன் கன்னத்தில் சுடும்போது அந்தத் தெரிதல் உதவவில்லை. கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டாள்.

“பயம் அப்படியே வந்துருக்குதுங்க!” என்று திலீபன் துள்ளினான். அவள் நடிக்கவில்லை என்பது அவனுக்குத் தெரியாது.

படம் தியேட்டருக்குப் போகவில்லை, யூடியூபில் வந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தங்கம்மாளின் போனைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்தார்கள். வேல்விழி ஓடுவது முதுகுப்புறமாக வந்தது. அவள் அலறியதற்கு வேறு யாரோ குரல் கொடுத்திருந்தார்கள். பிறகு சூளைத் தட்டில் அவளுடைய மண்முகம் மட்டும், திரை நிறைய, வாய் பிளந்தபடி. கண்ணிமைப்பதற்குள் போய்விட்டது.

“ஏய், அவளேதான்! புருவத்துத் தழும்புகூட இருக்குது பாரு,” என்றாள் தங்கம்மாள். எல்லாரும் கைதட்டினார்கள். வேல்விழியும் சிரித்தாள். அந்தப் படத்தில் அவளுடையது என்று இருந்தது அந்த மண் ஒன்றுதான்.

பட்டறையில் ஒரு வழக்கம். அச்சு யாருக்காக எடுத்ததாக இருந்தாலும், வேலை முடிந்தால் அலமாரிக்கு ஏறிவிடும். சாமி முகமோ நாய் முகமோ, அலமாரியில் ஏறியது முதலாளியுடையது. கொளஞ்சிநாதன் அந்த அச்சை எடுத்துப் பார்த்தார். அதில் கூழ் ஊற்றிச் சுட்டதில் கொஞ்சம் சுருங்கி வந்த முகத்துக்குச் சிவப்பு நாக்கு, கோரைப்பல், முறுக்கு மீசை வரைந்தார். திருஷ்டி பொம்மை ஆயிற்று. புதுவீடு கட்டுகிறவர்கள் கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். அவர் அதே முகத்துக்கு வரிசையாக மோல்டு போட்டுவிட்டார்.

வேல்விழியின் தெருவிலேயே மூன்று வீட்டு வாசலில் அவள் தொங்கினாள். “அக்கா, உங்க மீசை சூப்பரு!” என்று பஸ் ஸ்டாண்டில் ஒருத்தன் கத்தினான்.

அவள் முதலாளியிடம் போனாள். “மொதலாளி, அந்த மொகத்த நிறுத்திடுங்க. படத்துக்குன்னுதான் குடுத்தேன்.”

“ஊர்க்கண்ணெல்லாம் நீ வாங்கிக்கிற. புண்ணியம்தானே?” என்றார் கொளஞ்சிநாதன். “மீசைக்குள்ள யாரு உன்னத் தேடப்போறா? போ, போய் வேலயப் பாரு.”

நாமெல்லாம் சேர்ந்து அந்த மோல்டில் கூழ் ஊற்ற மாட்டோம் என்று சொல்வோமா என்று தங்கம்மாளிடம் கேட்டாள். தங்கம்மாள் கூழ் வாளியைக் கீழே வைக்கவில்லை.

“அகல்வெளக்கும் ஓடல, ஆனக்குட்டியும் ஓடல. உன் மூஞ்சிதான்டி இப்ப எங்களுக்குச் சோறு போடுது. சும்மா இரு.”

மோல்டிலிருந்து எடுத்த பொம்மை கொஞ்ச நேரம் ஈரமாகவே இருக்கும். அப்போதுதான் விளிம்பைக் கத்தியால் சீவி, நனைந்த பஞ்சால் துடைப்பார்கள். அது வேல்விழியின் கை வேலை. மறுநாள் முதல் பொம்மையை மடியில் வைத்தாள். கட்டைவிரலால் மூக்கை அழுத்தினாள், மண் விட்டுக்கொடுத்தது. தழும்பைத் தேய்த்து அழித்தாள். கன்னத்தை உள்ளே தள்ளி, வாயை ஒரு பக்கம் கோணலாக இழுத்தாள். அடுத்ததையும் எடுத்தாள். தன் முகத்தைத் தானே இப்படிச் சிதைக்கக் கை கூசும் என்று நினைத்திருந்தாள். கூசவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

கொளஞ்சிநாதன் வந்து ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். “யாரு செஞ்சது?”

“நான்தான், மொதலாளி.”

வேலை போய்விட்டது என்றே நினைத்தாள். அவர் பொம்மையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இப்பதான்யா திருஷ்டி பொம்ம மாதிரி இருக்குது. இதுலேருந்தே புது மோல்டு போட்டு, எல்லாத்தயும் இப்படியே பண்ணு.”

“அப்ப பழைய மோல்டு?”

“அது எதுக்கு இனிமே? ஒடச்சிப் போட்டுடுங்க.”

தங்கம்மாள்தான் சுத்தியலை எடுத்துவந்தாள். “நீ கேட்டது நடந்துருச்சு, அப்பறம் ஏன்டி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கிற?” என்றாள்.

வேல்விழி சுத்தியலை வாங்கி, முதல் மோல்டைத் தரையில் வைத்தாள். வாய் பிளந்து, கண் இறுக மூடி, உள்குழிவாகத் தெரிந்த முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு அடித்தாள்.