ரஃபி கொடுத்த ரத்தம்

காலையில் மலைச்சாமி வீட்டுக்கு வந்தார். அகரத்துக்காரர், ஆட்டு வியாபாரி. என் மைத்துனன் ரஃபியின் தோல் மண்டிக்குப் பல வருடமாகத் தோல் போடுகிறவர். அவர் மனைவி கருப்பம்மாளுக்கு மார்பில் புற்று. மறுநாள் மதுரையில் ஆபரேஷன். அதற்குள் ரத்தம் கொடுக்க இரண்டு பேரைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்.

"எனக்குச் சக்கரை, எடுக்க மாட்டேங்குறாக. அண்ணன் மகனத் தேத்திட்டேன். இன்னொரு ஆளுக்கு ரஃபி பாயக் கேட்டேன். வேற ஆளப் பாருங்கன்னுட்டாரு. நம்ம என்ன வேத்தாளா பாய்?"

என்னிடமும் எடுக்க மாட்டார்கள். மஞ்சள் காமாலை வந்த உடம்பு. பாஸிலாவுக்கே நான் கொடுக்க முடியவில்லை. ரஃபிதான் கொடுத்தான்.

பாஸிலா என் மனைவி, ரஃபியின் அக்கா. குடலில் புற்று. ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்றார்கள். அடுத்த வருடம் ஈரலில் வந்தது. ரம்ஜானுக்கு முன்பு இறந்துபோனாள். அதற்குப் பிறகு ரஃபி என் வீட்டுக்கு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. வேலைக்குப் போனேன், வந்தேன், தூங்கினேன்.

மண்டிக்குப் போனேன். ரஃபி தோலுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தான்.

"மலைச்சாமி அனுப்பினாரா?"

"ம்."

"அந்தம்மா நல்லா இருக்கட்டும்னுதான் மச்சான் மாட்டேன்னேன்."

போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினான். ஒருவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். ஆபரேஷன் நேரத்தில் அடுத்தவர் ரத்தம் ஏறினால் புற்று திரும்பி வருமாம்.

"என் ரத்தந்தான் அக்காவக் கொன்னுருச்சு."

அதை நானும் படித்திருந்தேன். டாக்டரிடம் கேட்டுமிருந்தேன். ரத்தம் ஏற்றியவர்களுக்கு நோய் திரும்புவது அதிகம் என்று சில ஆய்வுகள் சொல்வது உண்மை. ஆனால் ரத்தம் தேவைப்படுகிறவர்கள் முதலிலேயே நலிந்தவர்கள். எது காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஏற்றாவிட்டால் பாஸிலா ஆபரேஷன் மேஜையிலேயே போயிருப்பாள் என்றார் டாக்டர். இதையெல்லாம் ரஃபியிடம் சொன்னேன்.

"டாக்டரு வேற என்னத்தச் சொல்லுவாரு?"

"மாப்ள, உன் ரத்தம் அவளுக்கு ஏறவே இல்ல."

நிமிர்ந்தான்.

"ஆஸ்பத்திரில ஏற்கெனவே இருந்தத எடுத்து அவளுக்கு ஏத்துனாங்க. அதுக்கு ஈடா உன்கிட்ட வாங்கி வச்சுக்கிட்டாங்க. உன்னுது வேற யாருக்கோ போயிருக்கும். எல்லாருக்கும் அப்படித்தான்."

அவன் முகம் லேசாகும் என்று எதிர்பார்த்தேன். ஆகவில்லை.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப, 'உன் ரத்தம் ஏறுனதுலருந்து எனக்கும் தோல் வாடை அடிக்குதுடா'ன்னு ஏன் என்னய ஓட்டுனா?"

"நீ சந்தோசப்பட்டியே."

கையிலிருந்த உப்பைத் தட்டினான். "அதயாச்சும் விட்டு வச்சிருக்கலாம்ல மச்சான்" என்றான்.

கை கழுவிவிட்டு வந்து, "மதுரைக்கு விடுங்க, குடுத்துட்டு வருவோம்" என்று என் பைக்கில் ஏறினான்.

சின்னாளப்பட்டி தாண்டியதும் பின்னாலிருந்து கேட்டான். "அப்ப அக்காவுக்கு ஏறுனது யாரோடது?"

"தெரியல."

"ஆம்பளையா பொம்பளையான்னுகூடவா?"

"தெரியல."



மதுரை ஆஸ்பத்திரியில் படுத்து, ரத்தம் கொடுத்துவிட்டு எழுந்து வந்தான். வெளியே காத்திருந்த மலைச்சாமி அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இனி எங்க வீட்ல பாய் ரத்தம்தான் ஓடும். எனக்குக் கறிதான் வேணும்னு தெனமும் அடம்பிடிக்கப் போறா, பாருங்க."

ரஃபி என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

"கேட்டா ஆக்கிப் போடுங்கண்ணே. ஆட்டு வியாபாரிக்குக் கறிக்கா பஞ்சம்?" என்றான்.

மலைச்சாமி சிரித்துக்கொண்டே மாடிக்கு ஓடினார். ரஃபி பெஞ்சில் உட்கார்ந்தான். ரத்தம் எடுத்த இடத்தில் அவனுக்குக் கொடுத்த பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து என்னிடம் நீட்டினான். எனக்குப் பசித்தது. வாங்கித் தின்றேன்.