எங்கே போகிறாய் என்று கேட்காத வான்

சுருவில் சந்தியில் அந்த வான் வந்து நின்று கதவைத் திறந்தபோது சயந்தினி வலது காலை எடுத்து வைத்து ஏறினாள். புதுவீடு குடிபுகுகிறவர்கள் அப்படி ஏறலாம். வேலணையில் மருந்துக்கடைக்கு வேலைக்குப் போகிறவள் அப்படி ஏறத் தேவையில்லை. ஆனால் இன்றைக்கு அவள் வேலைக்குப் போகவில்லை. கத்தரிப்பூ நிறச் சேலை உடுத்தியிருந்தாள். ஊர்காவற்றுறையில் ஏறி முன் இருக்கையில் இருந்த பத்திநாதர், பக்கத்தில் வைத்திருந்த பையை மடிக்கு எடுத்து அவளுக்கு இடம் விட்டார். வானுக்குள் வேறு ஒருவரும் இல்லை, சாரதி உட்பட.

மின்சாரத்தில் தானாக ஓடுகிற வான் அது. யாரோ வெளிநாட்டுக்காரரின் பணத்தில், பரீட்சார்த்தமாக, நான்கு மாதமாக ஊர்காவற்றுறைக்கும் வேலணைக்கும் இடையில் ஓடுகிறது. ஸ்டியரிங் கிடையாது. சாரதி இருக்கவேண்டிய இடத்திலேயே பயணிகளின் முதல் இருக்கை. அதில் இருந்தால் கண்ணாடிக்கு அப்பால் ரோட்டு மட்டும்தான். முதல் இரண்டு மாதமும் ஒரு உத்தியோகத்தர் கூடவே வந்து போனார், பிறகு அவரும் வருவதில்லை. ஊரவர்கள் அதற்குப் 'பேய் வான்' என்று பெயர் வைத்து, பேய்க்கு லைசென்ஸ் இருக்கோ என்று பகிடி விட்டுக்கொண்டு, அதில் ஏறாமல் இருந்தார்கள். அந்தப் பேய்க்கு நேர்த்தி வைக்கலாம் என்று சயந்தினிக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது.

அவளுடைய அண்ணன் சுதாகரன் இதே ரோட்டில் மினிபஸ் ஓட்டுகிறான். அம்மாவும் அப்பாவும் போனபின் பதினைந்து வருடமாக அவளை வேலைக்கு ஏற்றி இறக்கியவனும் அவன்தான். தங்கச்சி நின்றுகொண்டு வரக்கூடாது என்று ஒரு இருக்கையை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பான். நல்ல அண்ணன்தான். நல்ல அண்ணன் என்பதுதான் தொல்லை. அவன் பஸ்ஸில் ஏறினால் எங்கே போகிறாய் என்று அவன் கேட்பான். மற்ற பஸ்ஸில் ஏறினால் கொண்டக்டர் கேட்பான், அவள் வேலணையில் இறங்குமுன் அந்தச் செய்தி அண்ணனிடம் போய் இறங்கிவிடும். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட ஏலுமா? வந்த சம்பந்தங்களையெல்லாம் அண்ணன் ஒவ்வொரு குறை சொல்லித் திருப்பி அனுப்ப, அவளுக்கு முப்பத்தொன்பது வயதாகிவிட்டது. அவளுக்கு என்ன விருப்பம் என்று மட்டும் அந்த வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை.

பத்திநாதருக்கு ஊர்காவற்றுறை, வலைச் சாமான் கடை வைத்திருப்பவர். மனைவி இறந்து எட்டு வருடம். வேதக்காரர், அவள் சைவம். ஒரு மழைநாளில் பஸ்ஸைத் தவறவிட்டு, பயந்து பயந்து அவள் இந்த வானில் ஏறியபோது அவரும் பயந்துகொண்டுதான் இருந்தார். ஒரே பயத்தில் இருக்கிற இரண்டு பேர் எவ்வளவு நேரம் பேசாமல் இருக்கமுடியும்? அன்றிலிருந்து, இந்த வான் நேரத்துக்குப் போகிறது என்று அண்ணனுக்குச் சாக்குச் சொல்லி அவள் காலையில் இதிலேயே ஏற, அவர்கள் பேசினார்கள். வான் திரும்பிப் பார்க்கவில்லை, கண்ணாடியில் நோட்டம் விடவில்லை, பாட்டைக் குறைத்துக் காது கொடுக்கவில்லை. இன்றைக்கு இருவருமாக வேலணையில் விவாகப் பதிவாளரிடம் அறிவித்தல் கொடுக்கப் போகிறார்கள்.

போன கிழமை பிரதேச மண்டபத்தில் இந்த வானைப்பற்றி ஒரு கூட்டம் வைத்தார்கள். கொழும்பிலிருந்து வந்த பெரியவர், இப்படியான வான்களுக்குத் தீவுப்பகுதியில் எதிர்காலம் இருக்கிறதா என்று சனங்கள்தான் சொல்லவேண்டும், ஏறுகிற ஆட்கள் கூடினால் நயினாதீவுக்குப் படகேறுகிற இறங்குதுறைவரைக்கும் விடலாம், கூடாவிட்டால் மாதமுடிவோடு எடுத்துவிடுவோம் என்றார். சுதாகரன் எழும்பிப் பேசினான். படகு பிந்தினால் இது காத்து நிற்குமா, நடக்க ஏலாத கிழவரைத் தூக்கி ஏற்றுமா, ஆசுபத்திரிக்குச் சாப்பாட்டுப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்குமா என்று அவன் கேட்டதெல்லாம் நியாயம். மண்டபம் கைதட்டியது. கடைசி வரிசையிலிருந்த சயந்தினிக்கும் கைதட்ட வேண்டும்போல்தான் இருந்தது. ஆனால் இது ஒருவரையும் எங்கே போகிறாய் என்று கேட்பதில்லையே, அந்தப் பெரிய வசதியைப்பற்றி ஏன் ஒரு பெண்கூட எழும்பிச் சொல்லவில்லை என்று கோபமும் வந்தது. தானும் எழும்பவில்லை என்பதில்தான் அதிகம் கோபம்.

வான் சரவணையைத் தாண்டி, வயல்வெளி தொடங்குகிற இடத்தில் மெதுவாகி நின்றது. ரோட்டில் அரைவாசிக்குமேல் உழுந்துச் செடி பரப்பிக் கிடந்தது. மாசி பங்குனியில் இது வழக்கம். பிடுங்கிய செடியைத் தார்ரோட்டில் போட்டுவிட்டால் போகிற வருகிற பஸ்ஸும் லொறியும் ஏறி மிதித்துக் காயை உடைத்துத் தரும். மிதிக்கிற கூலி மிச்சம். உழுந்துக்காரி சீதேவியக்கா வேலியோரம் குடையோடு நின்றாள். இந்த வான் சொல்லிவைத்தாற்போல் நேரத்துக்கு வரும், பாரமும் குறைவு, பருப்பு நொறுங்காது என்று நினைத்து அவள் இன்றைக்கு வேண்டுமென்றே வான் வருகிற பக்கமாகப் பார்த்துப் பரப்பியிருந்தாள்.

“முன்னால் தடை உள்ளது” என்று வானின் குரல் சொல்லிக் கதவைத் திறந்துவிட்டது.

சீதேவியக்காவுக்குப் பொறுக்கவில்லை. முன்கண்ணாடியில் தட்டி, உழுந்துதானே, நீ ஏறிப் போவன் என்று வானோடு நியாயம் பேசினாள். மாட்டை அதட்டுகிறதுபோல் ஒருமுறை அதட்டியும் பார்த்தாள். வான் அசையவில்லை. உழுந்துக்கும் மனிதனுக்கும் வித்தியாசம் தெரியாத பிராணி, எதிலும் ஏறமாட்டேன் என்று நின்றது.

“நீர் இரும், நான் இறங்கி ஒதுக்கிவிடுறன்” என்றார் பத்திநாதர்.

அவர் எழும்புமுன் பின்னால் ஹோர்ன் கேட்டது. சயந்தினிக்கு அந்தச் சத்தம் தெரியும். காலையில் சேலையைக் கண்டதுமே அண்ணிக்கு மூக்கில் வேர்த்திருக்க வேண்டும், போன் போட்டிருக்கிறாள். சுதாகரனின் பஸ் வானைச் சுற்றிக்கொண்டு வந்து, உழுந்தின்மேல் சடசடவென்று ஏறி, அப்பால் போய், மூக்கை வலப்பக்கம் திருப்பி ரோட்டுக்குக் குறுக்காக நின்றது. சீதேவியக்கா அந்த மிதிப்பைக் கண்டு சந்தோஷப்பட்டாள். அவள் ஒருத்திக்குத்தான் அதில் சந்தோஷம்.

சுதாகரன் இறங்கி வந்து வானின் திறந்த கதவடியில் நின்றான். பத்திநாதரைப் பார்க்கவேயில்லை, அங்கே ஒரு மூட்டை இருப்பதுபோல் அவரைத் தாண்டிப் பார்வையை விட்டான். பஸ் ஜன்னல்கள் முழுக்கத் தலைகள்.

“இறங்கு. பஸ்ஸிலை ஏறு.”

அவள் இறங்கவில்லை. பதினைந்து வருடமாக அந்தக் குரலுக்கு எழும்பிப் பழகிய கால்கள் எழும்பத்தான் பார்த்தன. அவள் இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“உந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு எங்கை போறாய்?”

கேட்டுவிட்டான். இத்தனை நாளும் ஒருவரும் கேட்காமல் காத்துவந்த விஷயம். மெதுவாகச் சொல்லலாம், பொய் சொல்லலாம், அழலாம். முழுக்க நனைந்தபின் முக்காடு எதற்கு என்று அவளுக்குத் திடீரென்று ஒரு தெளிவு வந்தது. எழும்பி வாசலுக்கு வந்து, பஸ்ஸின் கடைசி ஜன்னலுக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

“கேட்டுப்போட்டியள்தானே அண்ணா, சொல்லுறன். இவரும் நானும் கலியாணம் எழுதப் போறம். இண்டைக்கு அறிவித்தல் குடுக்கிறம்.”

'இவர்' என்று அவள் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு ஆணைச் சொன்னாள். பத்திநாதர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, இது குனிகிற நேரமில்லை என்று நிமிர்ந்தார்.

சுதாகரனின் முகம் கறுத்தது. “ஆர் எவர் எண்டு இல்லையோ? உன்னை நான் கண்ணுக்குள்ளை வைச்சுப் பாத்தனான்.”

“ஓம், பாத்தனீங்கள். அதுக்குள்ளையே வைச்சிருந்தா எனக்கு எப்பிடி வெளியாலை தெரியும்?”

அவன் திரும்பினான். இந்தப் பேய்ப் பெட்டி இன்றைக்கு இங்கேயே கிடக்கட்டும் என்று முணுமுணுத்தபடி பஸ்ஸுக்குப் போய், எஞ்சினை நிறுத்தி, திறப்பை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி இருந்துவிட்டான்.

சயந்தினி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். இரண்டு கையாலும் உழுந்துச் செடியை அள்ளி ஓரமாகப் போடத் தொடங்கினாள். பத்திநாதரும் அள்ளினார். உதறாமல் அள்ளு பிள்ளை, காயெல்லாம் கொட்டுது என்று கத்திக்கொண்டு வந்த சீதேவியக்கா, கத்திக் களைத்து, தானும் குனிந்தாள். சேலையில் தூசும் சருகும் ஒட்டின. பெண்பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் தட்டேந்தி நின்ற எந்த நாளிலும் சயந்தினிக்குத் தன் கைகள் இவ்வளவு பிடித்ததில்லை.

உழுந்து ஒதுங்கியதும் அவர்கள் ஏறினார்கள். வான் தானாக உருண்டு, பஸ்ஸுக்கு ஒரு ஆள் நீளம் இப்பால் போய், மரியாதையாக நின்றது. ஹோர்ன் அடிக்கவில்லை, கோபப்படவில்லை. நாள் முழுக்க நிற்கச் சொன்னாலும் நிற்கும்.

மனிதர்களால் அப்படி நிற்க முடியாது. பஸ்ஸுக்குள் முதலில் முணுமுணுப்பு, பிறகு சத்தம். வேலணை ஆசுபத்திரித் தாதி அன்ரனிட்டா, வேலைக்குப் பிந்துகிறது, எல்லாரும் இறங்கினால் இவர் யாரை வைத்து மறிப்பார் என்று இறங்கி, பஸ்ஸைச் சுற்றி வந்து வானின் கதவடியில் நின்றாள். ஏறுகிறதா விடுகிறதா என்று ஒரு கணம் யோசித்தாள்.

“ஆசுபத்திரியடியிலை நிக்குமோ அக்கா?”

“நிக்கும். ஏறும் பிள்ளை.”

அவளுக்குப் பின்னால் இரண்டு ஆசிரியைகள், ஒரு வங்கிக்காரி, சந்தைப் பையோடு ஒரு கிழவர். கிழவருக்குப் படி எட்டவில்லை. பத்திநாதர் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி ஏற்றினார். ஒருவரும் சயந்தினியின் முகத்தைப் பார்க்கவில்லை, ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அன்ரனிட்டா மட்டும் அவளுடைய தோளில் ஒட்டியிருந்த சருகொன்றைத் தட்டிவிட்டாள்.

வானில் இடம் முடிந்தது. பஸ்ஸில் கொண்டக்டரும் மூன்று நான்கு பேரும் மிச்சம். சுதாகரன் சட்டைப்பையில் கைவிட்டுத் திறப்பை எடுத்தான். பஸ் உறுமி, முழு உடம்பும் நடுங்கியது. வழிவிட எடுக்கிறானா, வேறெதற்கும் எடுக்கிறானா என்று வானுக்குள் ஒருவருக்கும் விளங்கவில்லை. கிழவர் முருகா என்றார். சாரதி ஜன்னலில் அண்ணனின் முகம் இந்தப் பக்கம் திரும்பியது. கண்ணாடியோடு ஒட்டிய முதல் இருக்கையில், கையில் உழுந்து மணக்க, சயந்தினி அவனுடைய கண்ணுக்கு நேரே இருந்தாள்.