இடது பை, வலது பை

"அப்பா, கிண்ணத்தைக் கொஞ்சம் கிட்ட நகர்த்தச் சொல்லுங்க," என்றான் அண்ணன்.

அவள் நகர்த்தினாள். வெந்நீர் தளும்பி விரிப்பில் சிந்தியது. அப்பா எதுவும் சொல்லவில்லை. கண்மூடி, வாய் சற்றே திறந்து, ஒரு கன்னம் முழுக்க நுரையோடு கட்டிலில் கிடந்தார். ஆஸ்பத்திரியில் முளைத்த வெள்ளைத் தாடியோடு அவரை அனுப்பப் போவதில்லை என்று அண்ணன் விடிந்ததுமே சொல்லிவிட்டான். அதைக்கூட சுவரைப் பார்த்துத்தான் சொன்னான்.

"தலையைப் பிடிச்சுக்கச் சொல்லுங்கப்பா. சாயுது."

அவள் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். தலை குளிர்ந்திருந்தது. சவரக்கத்தி காதோரத்திலிருந்து மெல்ல இறங்கியது. உயிரோடு இருந்தவரை அப்பா தன் கன்னத்தை யாரிடமும் கொடுத்ததில்லை. "நீ நல்லாத்தான் பண்ணுவ. ஆனா உன் வாய் ஓயாது, கை நின்னுடும்" என்று மகனைக் கிண்டல் செய்துகொண்டே தானே செய்துகொள்வார்.

அண்ணனும் அவளும் நேருக்கு நேர் பேசி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒரே வீடு, ஒரே குழாய், ஒரே கதவு. எல்லாவற்றுக்கும் நடுவில் அப்பா.

"சாவியை எங்க வெச்சிருக்கான்னு கேளுங்கப்பா."

"உங்க மக தலையில வெச்சிருக்கேன்னு சொல்லுங்கப்பா."

"சாவி ஆணியில தொங்குதாம்மா" என்பார் அப்பா. திட்டு அவர் தொண்டையிலேயே நின்றுவிடும். மீதிதான் வந்து சேரும்.

சண்டை அவருடைய முழங்காலில் தொடங்கியது. சலூனில் இரண்டு நாற்காலிகள். அண்ணனின் நாற்காலி காலியாக இருந்தாலும் வருகிறவர்கள் பேப்பரைப் புரட்டிக்கொண்டு அப்பாவுக்காகக் காத்திருப்பார்கள். அவர் நாள் முழுக்க நின்றார். சாயங்காலம் படியேறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாகத் தூக்கி வைப்பார். போதும், கடையை நீ பார், அவர் உட்காரட்டும் என்று அவள் சொன்னாள். "என் நாற்காலியில யாரும் உட்கார மாட்டேங்கிறாங்க, நான் என்ன பண்ணட்டும்?" என்று அவன் கத்தினான். "அப்போ நிக்க வெச்சே அவரைக் கொன்னுடு" என்றாள் அவள். அதுதான் கடைசிப் பேச்சு.

அறைக்கு வெளியே கூடத்தில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். பேச்சு உள்ளே கேட்டது.

"ஹார்ட்டுதான். அஞ்சு வருஷம் முன்னாடியே ஒரு தடவை வந்துச்சில்ல?" இது பெரியப்பா.

"வெளிச் சாப்பாடுதான் காரணம். எண்ணெயா அது?" பக்கத்து வீட்டுக்காரர்.

"யாரு கண்ணு பட்டுச்சோ" என்றாள் அத்தை.

காலையிலிருந்து இதேதான். வந்தவர்கள் ஆளுக்கொரு காரணத்தோடு வந்திருந்தார்கள். அவள் ஒருமுறை "இல்ல பெரியப்பா, வயித்துக்குள்ள ரத்தம் கசிஞ்சு..." என்று ஆரம்பித்தாள். "ஆமாம்மா, ஹார்ட் நின்னா எல்லாம் கசியத்தான் செய்யும்" என்று அவர் தலையாட்டினார். அவளுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

டாக்டர் அவளிடம் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். அண்ணன் ரத்தம் கொடுக்கப் போயிருந்த நேரம் அது. வலி மாத்திரை வயிற்றை அரித்துப் புண்ணாக்கியிருக்கிறது. இதயத்துக்காக அவர் சாப்பிட்டு வந்த மாத்திரை, கசிந்த ரத்தத்தை நிற்க விடவில்லை.

"மலம் தார் மாதிரி கறுப்பா போயிருக்குமே, யார்கிட்டயும் சொல்லலையா?"

அம்மாவிடம் வயிறு எரிகிறது என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அம்மா பால் ஆற்றிக் கொடுத்திருக்கிறாள்.

"ஒரு நாளைக்கு எத்தனை வலி மாத்திரை போட்டாரு?"

"ஒண்ணுதான் டாக்டர். ராத்திரி."

டாக்டர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "ஒண்ணு மாதிரி தெரியலையேம்மா" என்றார்.

அந்த ஒன்று அவள் கொடுத்தது. செருப்புக் கடையில் அவளோடு நின்று வேலை பார்க்கிற பெண்கள் எல்லோரும் பையில் வைத்திருக்கிற மாத்திரை. கால் கடுத்தால் ஆளுக்கொன்று கிள்ளிக்கொள்வார்கள். அப்பா ராத்திரி காலை நீட்டிப் படுக்க முடியாமல் தவித்ததைப் பார்த்து ஓர் அட்டை வாங்கி வந்தாள். ஒரு டாக்டரையும் கேட்கவில்லை. கால் வலிக்கு யார் டாக்டரைக் கேட்கிறார்கள்? "அவன்கிட்ட சொல்லாதீங்கப்பா" என்று மட்டும் சொன்னாள். தெரிந்தால், பார்த்தீங்களா, மாத்திரை போட்டா நிக்கலாம்ல என்பான்.

இன்று காலை சவரப் பெட்டியை எடுக்க அவள்தான் சலூனுக்குப் போனாள். அப்பாவின் வெள்ளை மேலங்கி ஆணியில் தொங்கியது. ஏனென்று தெரியாமல் பைகளுக்குள் கைவிட்டாள். இடது பையில் அவள் கொடுத்த மஞ்சள் அட்டை. வலது பையில் ஒரு வெள்ளி நிற அட்டை. அதை அவள் பார்த்ததே இல்லை. பின்பக்கம் திருப்பினாள். அண்ணனின் கோணல் கையெழுத்தில் 'காலை' என்று எழுதியிருந்தது. முன்பக்கம் பெரிய எழுத்தில் இரண்டுக்கும் வேறு வேறு பெயர். கீழே, பொடி எழுத்தில், இரண்டிலும் ஒரே மருந்து.

முதலில் அவளுக்கு மூச்சு வந்தது. நான் மட்டும் இல்லை. அடுத்த கணமே அந்த மூச்சின் மேல் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அவனும் சொல்லியிருப்பான்: அவகிட்ட சொல்லாதீங்கப்பா. தெரிந்தால், வலின்னு ஒத்துக்கிட்டியா இப்ப, என்பாள் என்று. சாவியையும் பால் கணக்கையும் குடையையும் அங்குமிங்கும் சுமந்து சொன்ன மனிதர், இது ஒன்றை மட்டும் இரண்டு பைகளில் தனித்தனியாக வைத்துக்கொண்டுவிட்டார்.

அண்ணன் ஒரு கன்னத்தை முடித்துத் துடைத்தான். மறு கன்னத்தில் நுரை போட்டான்.

கூடத்தில் அம்மா மெல்ல முனகினாள். விடிந்ததிலிருந்து தரையிலேயே உட்கார்ந்திருக்கிறாள். கதவு பாதி திறந்திருந்ததால் அம்மா முழங்காலைத் தேய்த்துக்கொள்வது தெரிந்தது.

"முட்டி பிடிச்சுக்குச்சா அண்ணி? இருங்க, என்கிட்ட இருக்கு" என்று அத்தை கைப்பையைத் துழாவினாள். "அய்யோ, தீர்ந்துபோச்சே. டேய் தம்பி, உன்கிட்ட வலி மாத்திரை ஏதாவது இருக்கா?"

"இருக்கு அத்தை." அண்ணன் கத்தியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்தான். "அப்பாவுக்கு வாங்கினது மிச்சம் இருக்கு. அம்மா இன்னும் எவ்வளவு நேரம் உட்காரணுமோ."

சட்டைப் பையிலிருந்து அதே மாதிரி இன்னொரு வெள்ளி நிற அட்டையை எடுத்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தான்.

"அப்பா, அவனை..." என்று அவள் ஆரம்பித்தாள். அப்பா சொல்லப் போவதில்லை.

"அண்ணா, குடுக்காத."

அவன் நின்றான். திரும்பவில்லை.

"அம்மா நேத்து மத்தியானத்துல இருந்து ஒண்ணும் சாப்பிடல. பிரஷர் வேற. குடுக்காத."

"ஒரே ஒரு மாத்திரைதான்" என்றான் கதவிடம்.

"அப்பாவுக்கும் ஒண்ணேஒண்ணுதான்."

அவன் திரும்பினான். ஒரு வருடத்துக்குப் பிறகு அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே அப்பாவுக்கு இருந்த அதே சுருக்கம்.

"காலையில ஒண்ணேஒண்ணு" என்றாள். "ராத்திரி ஒண்ணேஒண்ணு."

"ராத்திரியா?"

அவள் ஒரு கையை மட்டும் விடுவித்து, சலூனிலிருந்து எடுத்து வந்து இடுப்பில் செருகியிருந்த இரண்டு அட்டைகளையும் கட்டிலில் வைத்தாள். அவன் கிட்டே வந்து குனிந்தான். தன் எழுத்தை அடையாளம் கண்டுகொண்டான். மஞ்சளைத் தூக்கிப் பார்த்தான். கீழே வைத்தான். மறுபடி தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்குக் காட்டினான். உதடுகள் அந்தப் பொடி எழுத்தைக் கூட்டிப் படித்தன. பிறகு வெள்ளியை எடுத்தான். அதையும் கூட்டிப் படித்தான்.

"டாக்டர் என்ன சொன்னாரு?" என்றான்.

அவள் சொன்னாள். ஒன்றையும் தொண்டையில் நிறுத்தாமல் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை அவன் அட்டைகளை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"என்னடா, இருக்கா இல்லையா?" வெளியிலிருந்து அத்தை கேட்டாள்.

"இல்ல அத்தை" என்றான். "அம்மாவை நாற்காலியில உட்கார வைங்க. முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் குடுங்க. ஏதாவது சாப்பிட வைங்க முதல்ல."

"வெந்நீர் ஒத்தடத்துல எல்லாம் கேக்குமா? எனக்கு அந்த மாத்திரையைப் போட்டாதான் நிக்க முடியுது."

"நிக்க வேண்டாம் அத்தை" என்றான். "உட்காரட்டும்."

கூடத்தில் நாற்காலி இழுபடும் சத்தம். பெரியப்பா யாரோ புதிதாக வந்தவரிடம் ஹார்ட்டைப் பற்றி மறுபடியும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். அவள் எழுந்து போய் அவர் வாயைப் பொத்த நினைத்தாள். ஆனால் தலையை விட்டால் சாய்ந்துவிடும்.

அண்ணன் கட்டிலுக்கு மறுபக்கம் வந்து நின்றான். கத்தியைக் கையில் எடுத்தான். அப்பாவின் மறு கன்னத்தில் நுரை ஓரங்களில் காயத் தொடங்கியிருந்தது. கத்தியைக் கீழே வைத்து, விரல்களை விரித்து மூடி, மறுபடி எடுத்தான்.

"அப்பா, அவகிட்ட..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

அவள் காத்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு வண்டி வந்து நின்றது. யாரோ கதவை அடித்துச் சாத்தினார்கள்.

அவள் ஒரு கையால் தலையைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் செம்பை எடுத்து, ஆறிப்போன கிண்ணத்தில் வெந்நீரை ஊற்றினாள். அவன் பிரஷ்ஷைத் தோய்த்து, காய்ந்த இடத்தில் மட்டும் புதிதாக நுரை தடவினான்.