அஜாக்ஸும் பவுனம்மாளின் ஆடும்

ஹெர்குலிஸ் என்றால் எங்கள் ஆட்களுக்குச் சைக்கிள்தான் ஞாபகம் வரும். அவன் ஒரு கிரேக்க வீரன், முப்பது வருஷம் சாணி அள்ளாத மாட்டுக்கொட்டகையை ஆற்றைத் திருப்பிவிட்டு ஒரே நாளில் கழுவியவன் என்று சொன்னேன். முக்கொம்பு அணையில் அனுமதி வாங்கித்தான் திருப்பினான் என்றும் சேர்த்துக்கொண்டேன். யாரும் சிரிக்கவில்லை. கொள்ளிடத்துக்கு எவ்வளவு விட்டான் என்று ஒருவர் கேட்டார்.

கைலாசபுரத்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் மாதம் ஒரு ஞாயிறு ஒரு மண்டபத்தில் கூடுவோம். சாப்பாட்டுக்குப் பிறகு, கண் சொருகும் நேரத்தில், நான் கதை சொல்வது ஏற்பாடு. ஸ்டோர்ஸில் முப்பத்தொரு வருஷம், இருக்கிற பொருளை இல்லை என்று சொன்னவன் நான். ஓய்வுக்குப் பிறகு இல்லாததை இருக்கிறது என்று சொல்லி ஈடுகட்டிக்கொண்டிருந்தேன். கிரீஸுக்கு மூன்று தடவை போய்வந்ததாகவும் ஏதென்ஸில் ஒரு நாய் கடித்ததாகவும் சொல்லி, வேட்டியை விலக்கி வடுவைக் காட்டினேன். வடு நிஜம். நாய் ஸ்ரீரங்கம் உத்தர வீதி.

தை மாதக் கூட்டத்தில் அஜாக்ஸ் கதை சொன்னேன். மலை மாதிரி ஆள். பெரிய வீரன் ஒருவன் செத்ததும் அவனுடைய கவசம் தனக்குத்தான் வரும் என்றிருந்தான். வாய்ச்சாலக்காரன் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒரு தெய்வம் அவன் புத்தியைக் கலக்கியது. எதிரிகள் என்று நினைத்து ஆட்டு மந்தையில் புகுந்து வெட்டித் தள்ளினான். புத்தி தெளிந்து பார்த்தால் சுற்றிலும் ஆடு. அந்த வெட்கத்தோடு உயிர் வாழ முடியாமல் தன் கத்தியின் மேலேயே விழுந்து செத்தான்.

கூட்டம் தூங்கி வழிந்தது. அதைத் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது. "அஜாக்ஸைப் பார்க்க கிரீஸ் போக வேண்டாம். மூணாவது வரிசையில உட்கார்ந்திருக்கார் பாருங்க, நம்ம வெல்டர் அம்மாசி" என்றேன்.

குவார்ட்டர்ஸில் திருட்டுப் பயம் இருந்த ஒரு மார்கழியில் ஆண்கள் எல்லோரும் முறை வைத்துக் காவல் சுற்றியதையும், விடியும் நேரத்து மூடுபனியில் புதருக்குள் பதுங்கிய திருடனை அம்மாசி தடியால் அடித்து வீழ்த்தியதையும், திருடனைப் புரட்டிப் பார்த்தால் அது வேலிக்கு அந்தப் பக்கத்துப் பவுனம்மாளின் ஆடாக இருந்ததையும் சொன்னேன். திருடனுக்கு நான் விலங்கு மாட்டப் போனதாகவும், எந்தக் காலில் மாட்டுவது என்று தெரியாமல் நின்றதாகவும் சொன்னேன். கூரை அதிரச் சிரித்தார்கள். அம்மாசி என்னையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அவனும் சிரித்தான்.

யாரோ அதைப் போனில் பிடித்து, பழைய நாய்க்கடிக் கதையோடு சேர்த்துக் குரூப்பில் போட்டார்கள்.

மாசி பிறந்து நாலாம் நாள் காலையில் என் மனைவி சத்யபாமா காப்பியை வைத்துவிட்டு நகராமல் நின்றாள்.

"மருங்காபுரியிலேர்ந்து அம்மாசியோட அக்கா வீரம்மா பேசினா. நீங்க சொன்ன ஆட்டுக் கதை அங்க எல்லார் போன்லயும் ஓடறதாம். இந்த வருஷம் திருவிழாவுல அவாத்து சாமியோட அருவாளை எடுத்துண்டு சுத்தி வர்ற முறை அம்மாசிக்காம். குடுக்க மாட்டோம்னு பங்காளிகள்லாம் நிக்கறாளாம்."

"ஆட்டுக்கும் அருவாவுக்கும் என்ன சம்பந்தம்?"

"அந்த சாமி, ஆடு மாடு மந்தையைக் காப்பாத்தி செத்த ஒரு வீரனாம். அவனுக்கு பலியே கிடையாதாம். ஆட்டை அடிச்ச கை அருவாளைத் தொடப்படாதாம். இந்த வருஷம் விட்டா இனிமே அந்த வீட்டுக்கு முறையே இல்லையாம்." டம்ளரை என் பக்கம் நகர்த்தி, "ஏன்னா, அந்தக் கதையில எவ்வளவு நெஜம்?" என்று கேட்டாள்.

காப்பி ஆறிவிட்டது என்றேன்.

நிஜம் இதுதான். ஆட்டை அடித்தது நான். அம்மாசி தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இருந்தான். சத்தம் கேட்டு ஓடி வந்தான். என் தகப்பனார் அப்போது இருந்தார். பெருமாள் கைங்கரியத்தில் எழுபது வருஷம் நின்ற உடம்பு. பிள்ளை ஒரு உயிரை அடித்துக் கொன்றான் என்று கேட்டால் என்னை வாசற்படி ஏற விடமாட்டார். அம்மாசியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவன் என் தடியை வாங்கிக்கொண்டு, பவுனம்மாள் வாசலில் போய் நின்று, "நான்தான்" என்றான். அவள் திட்டியதையெல்லாம் தலை குனிந்து கேட்டுக்கொண்டான். பிறகு ஒரு நாளும் அதைப் பற்றி அவன் பேசவில்லை. பேசாமல் இருந்ததால், நடந்தது அவன் சொன்ன மாதிரிதான் என்று எனக்கே பழகிவிட்டது.

திருவிழா அன்று சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ் மாறி மருங்காபுரி போய்ச் சேர்ந்தேன். காய்ந்த கடலைக் கொல்லைகளுக்கு நடுவே ஒரு வேம்பு. அதன் அடியில் இடுப்பளவுக் கல்லில் செதுக்கிய, வில் பிடித்த ஓர் ஆள், காலடியில் மாடுகள். முன்னால் அரிவாள் சார்த்தியிருந்தது. கிரேக்கர்களும் தங்கள் வீரர்களை நல்லவர்கள் என்பதற்காகக் கும்பிடவில்லை, செத்தும் கோபம் ஆறாதவர்கள் என்று பயந்துதான் சமாதியில் தேனும் பாலும் ஊற்றினார்கள் என்று நானே மைக்கில் சொல்லியிருக்கிறேன். அந்த மண்டபத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சொல்வது சுலபமாக இருந்தது.

பங்காளிகளில் மூத்தவர் கலையரசன் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "வாங்க சார், கிரீஸ்காரரு" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். அம்மாசி ஓரமாக, புது வேட்டியில், கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

வரும் வழியெல்லாம் பஸ்ஸில் தயார் செய்ததைச் சொன்னேன். "நாங்க ரெண்டு பேருமாத்தான் அடிச்சோம். பனியில ஆடுன்னு தெரியலை. யார் அடி பட்டுதுன்னு சொல்ல முடியாது."

"அந்த நாய் கடிச்ச தழும்பு, அது கிரீஸுதானா சார்?"

"இல்லை."

"அப்ப இதை மட்டும் எப்படி நம்புறது?"

கலையரசன் தட்டில் சூடத்தை வைத்துக் கொளுத்திக் கல்லின் முன் வைத்தார். "எங்க வழக்கம் இது. உள்ளங்கையால அணைச்சுட்டுச் சொல்லுங்க. அதுக்கப்புறம் யாரும் ஒரு வார்த்தை கேக்க மாட்டோம்."

அம்மாசி முன்னால் வந்தான். "வேணாம் கலையரசா. வயசானவரு. நான்தான் அடிச்சேன், விடு. அருவா யாரு எடுத்தா என்ன?" என்னிடம் திரும்பி, "கோபு, நீ பஸ்ஸைப் பிடி. வெயில் ஏறுது" என்றான்.

நான் போயிருப்பேன். ஒரு காலைத் திருப்பியும் விட்டேன். பொய்க்கு நான் பயந்தவனல்ல. கோபுரத்துக்கு நேர் கீழே நின்று வாய் கூசாமல் சொல்லியிருக்கிறேன். ஆனால் மூடுபனிக்குள் வந்து தடியை வாங்கிக்கொண்ட அதே முகம் எதிரே நின்றது. வாங்கிக்கொள்ள மறுபடியும் தயாராக இருந்தது.

சூடத்தின் மேல் கையை வைத்து அழுத்தினேன். தோல் பொசுங்கும் வாடை வந்தது.

"அம்மாசி அங்க இல்லவே இல்லை. அடிச்சது நான். முதல் அடியிலேயே அது கத்திடுத்து. ஆடுன்னு தெரிஞ்சுபோச்சு. சத்தம் கேட்டு ஜனங்க வந்துடுவான்னு இன்னும் ரெண்டு அடி அடிச்சேன்."

அஜாக்ஸுக்குப் புத்தி கலங்கியிருந்தது. எனக்குத் தெளிவாக இருந்தது. அந்தக் கடைசி இரண்டு அடி அம்மாசிக்கும் தெரியாது. முப்பது வருஷம் ஒரு பயந்தாங்கொள்ளியின் தவறைச் சுமப்பதாக நினைத்திருந்தான். அவன் என்னைப் பார்த்தான். மண்டபத்தில் பார்த்த பார்வை இல்லை. இந்த முறை சிரிக்கவில்லை.

கலையரசன் அரிவாளை எடுத்து அவன் கையில் கொடுத்தார். என்னிடம் மரியாதையாகவே சொன்னார். "சார், தப்பா நெனைக்காதீங்க. ஆட்டை அடிச்ச கை எல்லைக்குள்ள இருக்கக் கூடாது. சாமி சுத்தி வர்ற வரைக்கும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லுங்க."

நின்றேன். பறைச் சத்தம் நெருங்கி வந்தது. அரிவாளை உயர்த்திப் பிடித்து, எழுபது வயதில் முதுகு வளையாமல், அம்மாசி ரோட்டின் அந்த ஓரமாக என்னைக் கடந்து போனான். பெயரைச் சொல்லிக் கூப்பிட வாய் எடுத்தேன். அவன் திரும்பவில்லை. கூட்டம் போய், புழுதியும் அடங்கியது.

வீரம்மாள் ரோட்டைத் தாண்டி வந்து ஓர் இலையில் பொங்கலை நீட்டினாள். "சாப்பிடுங்க. காலையில கெளம்பி வந்திருப்பீங்க."

வலது கை கொப்பளித்திருந்ததால் இடது கையால் வாங்கினேன். அதற்கும் வெட்கமாக இருந்தது.

"அது என்ன நெறம்?" என்று கேட்டாள்.

"எது?"

"ஆடு."

"வெள்ளை. ஒரு காது மட்டும் கருப்பு."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். நான் தின்று முடிக்கும் வரை அங்கேயே நின்று, எச்சில் இலையைத் தானே வாங்கிக்கொண்டு போனாள்.