கூடத்தில் போட்ட கட்டில்

டாக்டர் கையை விரித்துவிட்டார். மனைவியின் நுரையீரலுக்கு இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். வீட்டுக்கே வந்து பராமரிக்கும் நர்ஸ் மறுநாள் வந்தாள். வாசல் அகலம், குளியலறைப் படி எல்லாவற்றையும் நடந்து பார்த்தாள். தலைமாட்டை உயர்த்தும் இரும்புக் கட்டிலும் ஆக்சிஜன் மெஷினும் காற்று மெத்தையும் வந்து இறங்கின.

"கட்டிலை உள் ரூம்ல போட்டுடலாமா?" என்று கேட்டார் கணவர். அவர் லிப்ட் மெக்கானிக்.

"கூடத்துல போடுங்க. அடுப்படி தெரியணும்," என்றாள் அவர் மனைவி. ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கியது. "இவர் சமையலைச் சாப்பிட்டுத்தான் போகணும்னு என் தலையில எழுதியிருக்கு சிஸ்டர். உப்புப் போடறாரான்னாவது பாத்துக்கறேன்."

மெக்கானிக் சும்மா இருக்கவில்லை. கரண்ட் போனாலும் மெஷின் நிற்காதபடி பேட்டரி மாட்டினார். கட்டிலின் கிறீச்சலுக்கு எண்ணெய் விட்டார். பக்கத்தில் உட்காரச் சொன்னால் மட்டும் அவருக்கு ஏதாவது வேலை ஞாபகம் வந்துவிடும்.

ஒருநாள் நர்ஸ் இருவரையும் வைத்துக்கொண்டு பேசினாள். "கடைசியில மூச்சு ரொம்ப இழுக்கும்ணா. பாக்கப் பயமா இருக்கும். இந்த மருந்தை நாக்குக்கு அடியில விட்டுட்டு எனக்குப் போன் பண்ணுங்க."

"என்னை ஆஸ்பத்திரிக்கு மட்டும் தூக்கிட்டுப் போயிடாதீங்க," என்றாள் மனைவி. "அங்க யார் யாரோ கை வைப்பாங்க. நீங்க வெளிய நிப்பீங்க."

"மாட்டேன்," என்றார், ஆக்சிஜன் குழாயைத் துடைத்தபடியே.

அந்த இழுப்பு வந்தது ஒரு மத்தியானம். அவளுடைய அண்ணன் பார்க்க வந்திருந்தார். பேசிக்கொண்டிருந்தவளுக்கு மூச்சு சிக்கியது, உதடு நீலம் பாய்ந்தது. மெக்கானிக் மருந்தை விட்டார். பாதி தாடையில் வழிந்தது. நர்ஸுக்குப் போன் போட்டார். அவள் ஊரின் மறுகோடியில் வேறொரு நோயாளி வீட்டில் இருந்தாள். "இதோ கிளம்பிட்டேன். கையைப் பிடிச்சுக்கிட்டு உட்காருங்கண்ணா," என்றாள்.

அவரால் உட்கார முடியவில்லை.

"என்ன மாப்ள, கல்லு மாதிரி நிக்கிறீங்க? ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க," என்று கத்தினார் அண்ணன்.

"வேணாம்னு சொல்லியிருக்கா மச்சான்."

"அவ ஆயிரம் சொல்லுவா. கூடப் பொறந்தவ மூச்சு முட்டுறதை நான் வேடிக்கை பாக்கணுமா?"

மெக்கானிக் போனை எடுத்தார்.

ஸ்ட்ரெச்சரோடு வந்தவர்கள் தூக்கியபோது அவள் கட்டில் கம்பியைப் பிடித்திருந்தாள். பேச்சு வரவில்லை. மெக்கானிக்தான் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தார். அவள் அவரையே பார்த்தாள். அவர் ஆம்புலன்ஸ்காரர்கள் கொண்டுவந்த ஆக்சிஜன் சிலிண்டரின் அளவு முள்ளைப் பார்த்தார்.

நர்ஸ் வந்து சேர்ந்தபோது கதவு திறந்து கிடந்தது. காலிக் கட்டிலுக்குப் பக்கத்தில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் உயிர் பிரிந்தது. இந்தப் பக்கம் அவர் நின்றிருந்தார்.

காரியமெல்லாம் முடிந்து, கட்டிலையும் மெஷினையும் எடுத்துப் போக நர்ஸ் வந்தாள்.

"என்னைத் திட்டுங்க சிஸ்டர்," என்றார் மெக்கானிக்.

"யாரைத் திட்டுறது? நான் நேரத்துக்கு வந்திருந்தா இப்படி ஆகியிருக்காது. இத்தனை வீட்டுக்கு நாங்க இருக்கிறதே ரெண்டு பேர்."

"கோவத்தோட போயிருப்பாளா?"

நர்ஸ் ஆறுதல் வார்த்தையைத் தேடினாள், பிறகு விட்டுவிட்டாள். "உள்ள போன மருந்து கொஞ்சம் கேட்டிருக்கும். ரொம்ப அவஸ்தைப்பட்டிருக்க மாட்டாங்க. மனசுல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுண்ணா."

வாசற்படியில் உட்கார்ந்திருந்த அண்ணன் முகத்தை மூடிக்கொண்டார். "நான்தான் கத்தினேன்."

"கூப்பிட்டது நான் மச்சான்," என்றார் மெக்கானிக்.

கட்டிலைக் கழற்றி வண்டியில் ஏற்றினார்கள். நர்ஸ் அடுத்த வீட்டுக்குப் புறப்பட்டாள். அண்ணனும் எழுந்து செருப்பைத் தேடினார்.

"இருந்துட்டுப் போங்க," என்றார் மெக்கானிக்.

அண்ணன் திரும்பி உள்ளே வந்தார். பொழுது சாயும்வரை இருவரும் கட்டில் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.