மாட்டைப் பார்த்து மாடு என்றவள்

அன்று மூன்றாம் வகுப்பு அறையில் இருந்தவர்கள் இவர்கள். சன்னலோரம் மேஜைக்குப் பின்னால், கை வைத்த நாற்காலியில், தாலுகாவிலிருந்து வந்த ஆங்கிலப் பரிசோதகர் ருத்ரமுனி. அவருக்கு வலப்பக்கம் தலைமையாசிரியர் நிங்கப்பா. இடப்பக்கம் பள்ளிக் கமிட்டித் தலைவர் ஹாலப்பா. கொப்பரை வியாபாரி, உட்கார்ந்ததுமே செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கிக்கொண்டார். மேஜைக்கு இந்தப் பக்கம் பிள்ளைகளுக்காக ஒரு முக்காலி. முக்காலிக்குப் பின்னால், கரும்பலகைக்குக் கீழே, வகுப்பாசிரியையான நான். வாசலில் காபித் தட்டோடு சமையல்காரி சன்னம்மா.

இடத்தை இவ்வளவு விவரமாகச் சொல்லக் காரணம் உண்டு. பரிசோதகர் படத்தைப் பிள்ளையின் பக்கம் திருப்பிப் பிடிப்பார். பிள்ளை அதைப் பார்த்து, தெரிவதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அந்தப் படம் பிள்ளைக்கும் பின்னாலிருக்கும் எனக்கும்தான் தெரியும். பிடித்திருப்பவருக்குத் தெரியாது.

இரண்டு வருடமாக நான் வகுப்புக்குக் கத்தரிக்காய், பூட்டு, குடை, உடைந்த கடிகாரம் என்று எதையாவது எடுத்துப் போய்ப் பிள்ளைகள் கையில் கொடுத்து ஆங்கிலத்தில் பேசவைத்தேன். ஆரம்பத்தில் ஹேமாவதி பெஞ்சுக்கடியில் ஒளிந்துகொள்வாள். இப்போது தப்பும் தவறுமாக, ஆனால் தானாகப் பேசுகிறாள். சைபர் வாங்குகிற பிள்ளை மறுபடி இரண்டாம் வகுப்பில் உட்கார வேண்டும் என்று நிங்கப்பா விதி போட்டிருந்தார். ஹாலப்பாவின் கிடங்கில் தேங்காய் உரிக்கிற அவள் அப்பா கரியப்பா, பெற்றோர் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார்: "பின்னால தள்ளுனா என்கூட கிடங்குக்கு வரட்டும் மேடம். அங்க சின்னக் கைக்கும் வேலை இருக்கு." அதனால் அந்தப் பெண்ணுக்கு அன்று சைபர் வரக்கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

காலையில் வராந்தாவில் பிள்ளைகள் ஏதோ ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னடா இது?"

"எனக்குக் கோழி மிஸ், ரூபாவுக்குக் குடை, ஹேமாவுக்கு பஸ்ஸு!" என்றான் சேதன்.

போன வாரம் நான் பயிற்சிக்குத் துமகூரு போயிருந்தபோது நிங்கப்பா பரிசோதகரிடம் போனிலேயே படங்களின் வரிசையைக் கேட்டு வாங்கியிருக்கிறார். ஆளுக்கொரு படம், ஆளுக்கு மூன்று வரி. கிளிகளைப் போலப் பழக்கிவிட்டார்.

"இதுக்குப் பேர் பரீட்சையா சார்?"

"ஏன் மேடம், பசங்க பாஸாகறது உங்களுக்குப் புடிக்கலையா?" என்றார், தலைமுடியைச் சீவிக்கொண்டே. வகுப்பறைக் கண்ணாடியில், பிள்ளைகளின் சீப்பால்.

பரிசோதனை தொடங்குமுன் ஹாலப்பாவின் முழங்கை பட்டுக் காபி படங்கள்மேல் கவிழ்ந்தது. சன்னம்மா ஓடிவந்து படங்களைத் தன் முந்தானையால் துடைத்து, கைக்கு வந்தபடி அடுக்கி வைத்தாள். ருத்ரமுனி அடுக்கை அப்படியே எடுத்துக்கொண்டார்.

முதலில் சேதன். அவன் முன்னால் நீட்டப்பட்டது ஒரு பூட்டு.

"திஸ் இஸ் எ ஹென். தி ஹென் இஸ் பிரவுன். தி ஹென் கிவ்ஸ் எக்ஸ்."

"வெரி குட்!" முழு மதிப்பெண்.

ரூபா ரயிலைப் பார்த்துக் குடை என்றாள். அடுத்தவன் வாழைப்பழத்தைப் பார்த்து, அதற்கு நான்கு கால் என்றான். எல்லாருக்கும் வெரி குட். பிள்ளைகளின் கண் படத்தில் இல்லை, நிங்கப்பாவின் உதட்டில் இருந்தது. அவர் சத்தமில்லாமல் கூடவே சொல்லிக்கொண்டிருந்தார்.

"சார், படத்தைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க," என்றேன்.

"வகுப்பாசிரியர் நடுவுல பேசக்கூடாது மேடம். அது விதி," என்றார் நிங்கப்பா.

ஹேமாவதி வந்து உட்கார்ந்தாள். படத்தில் ஒரு மாடு, பக்கத்தில் கன்று. அவள் நிங்கப்பாவைப் பார்த்தாள்; அவர் உதடு பஸ் என்றது. பிறகு படத்தைப் பார்த்தாள். நேரம் எடுத்துக்கொண்டாள்.

"கௌ. கௌ இஸ் ஈட்டிங்." கொஞ்சம் யோசித்தாள். "ஸ்மால் கௌ நாட் ஈட்டிங். ஸ்மால் கௌ லுக்கிங் மதர்."

ருத்ரமுனி தன் கையிலிருந்த வரிசைத் தாளைப் பார்த்தார். "பஸ்ஸுல்ல வரணும்? சைபர்."

நான் எழுந்துபோய் அவர் கையிலிருந்த படத்தைப் பிடுங்கி மேஜைமேல் மல்லாத்தி வைத்தேன். மூவரும் மாட்டைப் பார்த்தார்கள். பிறகு அடுக்கைப் புரட்டிப் பார்த்தார்கள். புரிந்துவிட்டது.

முதலில் சிரித்தவர் ஹாலப்பா. "மாடும் ரோட்டுல போகுது, பஸ்ஸும் ரோட்டுல போகுது. விடுங்கம்மா!"

"மத்தவங்களுக்கெல்லாம் போட்டது?"

"அதைத் தொட்டா எல்லாரும் சைபராயிடுவாங்க மேடம்," என்றார் ருத்ரமுனி, பொறுமையாக, எனக்குக் கணக்குச் சொல்லித்தருவதைப் போல. "ஒருத்தி சைபரா இருந்தா யார் கேக்கப்போறாங்க? ஒரு பொண்ணுக்காக ஸ்கூல் மானத்தை வாங்குவீங்களா?"

சாப்பாட்டுக்கு ஹோளிகே, அதாவது போளி, போட்டிருந்தார்கள். ருத்ரமுனி அதன்மேல் நெய்யைக் குளமாக ஊற்றி, விரல் ஒவ்வொன்றையும் சப்பினார். அதே விரலால் மதிப்பெண் தாளை என் பக்கம் தள்ளினார். ஹேமாவதியின் பெயர்மேல் நெய் படர்ந்தது.

"இங்க ஒரு கையெழுத்து."

"போடமாட்டேன். மேல எழுதப்போறேன்."

"எழுதுங்க, எழுதுங்க," என்றார் நிங்கப்பா வாய் நிறைய. "கழிவறைக்கு எழுதினீங்க, சுவருக்கு எழுதினீங்க. நீங்க எழுதற லெட்டர்லதான் திப்டூர் பஸ் ஸ்டாண்டுல போண்டா மடிச்சுத் தர்றானாம்!"

ஹாலப்பாவுக்குச் சிரிப்பில் புரையேறியது. என் இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

கைகழுவும் குழாயடியில் ஹேமாவதி நின்றிருந்தாள். "மிஸ், நான் பஸ்ஸுன்னு சொல்லியிருக்கணுமா?"

இதைவிட அருவருப்பான ஒன்றை அந்தப் பள்ளிக்கூடம் எந்தப் பிள்ளைக்கும் கற்றுக்கொடுத்திருக்க முடியாது.

"இல்லம்மா. நீ பாத்ததைத்தான் சொன்னே. அது சரி."

சாயங்காலம் அவளோடு கிடங்குக்குப் போனேன். கரியப்பா நார் ஒட்டிய கையோடு வெளியே வந்தார். நடந்ததைச் சொல்லி, நான் எழுதப்போகிற மனுவில் அவர் கையெழுத்தும் வேண்டும் என்றேன். அவர் உள்ளே திரும்பிப் பார்த்தார்.

"முதலாளி கமிட்டித் தலைவர் மேடம். நாளைக்கு எனக்கு இங்க வேலை இருக்குமா?"

"தெரியாதுங்க," என்றேன். பொய் சொல்ல எனக்கு மனமில்லை.

அவர் மகளிடம் குனிந்தார். "நிஜமாவே மாடுதானா புள்ளே?"

"மாடுதான்ப்பா. நம்ம பெரியப்பா வீட்டு மாட்டுக்கு இருக்கற மாதிரி ஒரு கொம்பு கீழ வளைஞ்சிருந்துச்சு."

கரியப்பா கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார். "எங்க போடணும்?"

மாவட்டக் கல்வி அதிகாரிக்கு எழுதினேன். நடந்ததை நடந்த வரிசையில், யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதிலிருந்து தொடங்கி. கேட்டது இரண்டே: யாரும் முன்கூட்டிப் பார்த்திராத படங்களோடு வேறொருவர் வந்து எல்லாப் பிள்ளைகளையும் மறுபடி சோதிக்க வேண்டும். அதுவரை ஹேமாவதி மூன்றாம் வகுப்பிலேயே உட்காருவாள். எழுப்பினால் நானும் எழுந்து வெளியே போவேன். கரியப்பாவின் கையெழுத்துக்குப் பக்கத்தில் தேங்காய் நாரின் கறை இருந்தது. அதற்காக வேறு தாளில் மாற்றி எழுதவில்லை.

மறுநாள் காலை தபால் அலுவலகத்தில் உறையின் வாயில் பசை தடவி, நகத்தால் அழுத்தி ஒட்டினேன். "மறுபடியுமா மேடம்?" என்றார் தபால்காரர்.

"ரிஜிஸ்டர்ல போடுங்க. போண்டாக் கடைக்குப் போகாது."

அவர் சிரிக்கவில்லை. முத்திரையை மையில் தோய்த்து ஓங்கிக் குத்தி, உறையைப் பையில் போட்டார்.