எட்டுச் சுற்றோடு நிறுத்து

1
இந்தக் கதையை எனக்கு யாரும் சொல்லவில்லை. கோர்தொபா நகரில் நெலிதாவும் நானும் ஒரே சிப் நிறுவனத்தில் வேலை பார்த்தோம், கண்ணெதிரே நடந்தது. "எழுதுறதுன்னா எழுது. என்னை நல்லவளாக்கிடாதே" என்று மட்டும் சொன்னாள்.

முதல் வரியையே பலமுறை அடித்துவிட்டேன். 'மலையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது...' (மழையில் தொடங்கினால் பழி முழுவதையும் மழை ஏற்றுக்கொள்ளும். வேண்டாம்.)

2
ஆகவே அலுவலகத்தில் தொடங்குகிறேன். ரேடியோவில் வரும் செய்தி வழியிலேயே இரைச்சலில் சிதையும். டிகோடர் அதைச் சுற்றுச் சுற்றாகச் சரிபார்த்துத் திருத்தும். ஒவ்வொரு சுற்றும் பேட்டரியைத் தின்னும். மலையாற்றில் வெள்ளம் வந்தால் கீழே ஆற்றங்கரைச் சுற்றுலா முகாம்களில் சங்கு ஊதும் கருவிக்காக நெலிதா வடிவமைத்த சிப், செய்தி தெளிவானதுமே தானாக நின்றுவிடும். புயல் நாளில் மட்டும் முப்பது சுற்றுவரை போராடும்.

எட்டுக்கு மேல் கூடாது என்றான் ஒஸ்வால்டோ. எங்கள் குழுத் தலைவன். அவளோடு ஒன்றாகப் படித்தவன், அவளை 'ஒல்லி' என்றுதான் கூப்பிடுவான்.

"இங்க பாரு ஒல்லி, வாங்குறவன் பேட்டரியோட உச்சச் செலவைத்தான் பாப்பான். முப்பதுன்னு போட்டா நம்மள ஓரங்கட்டிருவான்."

"புயல்லதானே அதுக்கு வேலையே? மத்த நாள்ல தூங்கட்டும், யாரு கேட்டா?"

அவன் தான் குடித்துக்கொண்டிருந்த மாத்தே என்ற மூலிகைத் தேநீர்க் குவளையை நீட்டினான். அவள் உறிஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு எட்டு என்று மாற்றினாள்.

(இந்த இடத்தில் அவளை ராஜினாமா செய்யவைத்து ஒரு பத்தி எழுதினேன். 'நெலிதா கதவை அறைந்து சாத்திவிட்டு—' நன்றாகத்தான் வந்தது. பொய். எடுத்துவிட்டேன்.)

3
அந்த சிப்புக்கு மின்சிக்கன விருது கிடைத்தது. மேடையேறி வாங்கியவள் அவள்தான்.

பிப்ரவரியில் புயல் வந்தது. மலைமேல் ஆற்றைக் கண்காணிக்கும் கருவி வெள்ளச் செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பியது. கீழே எவாரிஸ்தோ என்பவர் நடத்திவந்த முகாமில் இருந்த சிப் ஒவ்வொரு தடவையும் எட்டுச் சுற்று பார்த்துவிட்டு, புரியவில்லை என்று தூக்கிப் போட்டது. சங்கு ஊதவில்லை. கரையில் கிடந்த நாற்காலிகளை எடுத்துவைக்கப் போன அவர் மனைவி தெல்மா திரும்பி வரவில்லை.

4
அந்த முகாமில் இருந்த கருவியைக் கழற்றிவர நெலிதாவை அனுப்பினார்கள். துணைக்கு நானும் போனேன். அதில் தங்கியிருந்த சிதைந்த செய்தியை அவள் அங்கேயே மடிக்கணினியில், வரம்பில்லாமல் ஓடவிட்டாள். பதினோராவது சுற்றில் தெளிவானது: வெள்ளம்.

பக்கத்தில் நின்றிருந்த எவாரிஸ்தோ, பேட்டரி தீர்ந்துபோயிருந்ததா என்று கேட்டார்.

"இல்ல. கிட்டத்தட்ட முழுசா இருக்கு."

அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அப்ப எதுக்காக இஞ்ஜினியர், அது மிச்சம் புடிச்சுது?"

5
அவளுக்கு மூன்று பதில்கள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் ஒஸ்வால்டோவின் பெயரைச் சொல்கிறாள். இன்னொன்றில் தன் பெயரை. மூன்றாவதில் அழுகிறாள், அதை அப்போதே கிழித்தேன்.

உண்மையில் அவள் ஒயரைச் சுருட்டிப் பெட்டியில் வைத்தாள். காரில் ஏறினோம். சிப் இன்றும் எட்டுச் சுற்றோடுதான் விற்கிறது. இப்போது குழுத் தலைவி நெலிதா.

கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். பதில் ஏதும் தோன்றினால் எழுதிக்கொள்ளுங்கள். எவாரிஸ்தோவுக்குத் தமிழ் தெரியாது. என்ன எழுதினாலும் அவரிடம் போய்ச் சேராது.